வலது பக்கத்துப் பட்டை

சிரிங்கடா, நல்லா சிரிங்க, டீ மூக்குல ஏறாமப் பாத்து சிரிங்க. பொறாமைங்கற சாமானக் கண்ணுலயே பாக்காதவனுக மாதிரி ஒக்காந்திருக்கீங்களே, ஒவ்வொருத்தனுக்கும் சிக்னல்ல செல வெக்கலாம். இந்தா மூலைல பஜ்ஜியத் தடவிட்டு இருக்கறவனே, மேல் வீட்டுக்காரன் புது பைக்கு எடுத்த அன்னிக்கு ரெண்டு நாள் காச்சல்னு படுத்தது நீதான? நீ ஏண்டா சிரிக்கற, உன்ர மச்சினனுக்கு பேங்கு வேல கெடச்சப்ப, ராஜஸ்தான் பக்கம் ட்ரான்ஸ்பர் போட்டே கொன்னுருவானுகன்னு வீடு தேடிப் போயி ஆறுதல் சொன்ன ஆளு நீ. அதனால வாயத் தொடச்சுட்டுக் கேளுங்க. இது மௌலி கத. ஒரு மத்தியானம், ஒண்ணேகாலுக்கும் ரெண்டுக்கும் நடுவுல நடந்தது. நடந்ததுன்னு சொல்றதே ஜாஸ்தி. ஒரு பய மல்லாக்கப் படுத்துட்டு மூணு நட்ட முறுக்குனான். மீதியெல்லாம் அவன் மண்டைக்குள்ளதான்.

முதுகுக்கு அடில ஃபிரிட்ஜ் வந்த அட்டை, மூஞ்சிக்கு ரெண்டு சாண் மேல இங்கிலீஷ்காரன் வண்டியோட வயிறு. எம்.ஜி., அறுவத்தேழாம் வருசத்து வண்டி, கூர கெடையாது, சீட்டு ரெண்டே ரெண்டு, கலரு மயில் கழுத்துன்னு வண்டிக்குச் சொந்தக்கார டாக்டரம்மா சொல்லுவாங்க, மௌலி கண்ணுக்கு சோப்பு டப்பா கலரு. பின்பக்கத்தத் தூக்கி இரும்பு ஸ்டாண்டு மேல நிறுத்தியிருக்குது, அச்சு கீழ தொங்குது, அம்பது வருசத்துக்கு மேல வண்டியத் தாங்கித் தாங்கித் தேஞ்ச செருப்பாட்டம் தட்டையாப் போன பழைய கமான் பட்டை ரெண்டும் செவுத்தோரம் கெடக்குது. புதுசு ரெண்டும், ஆறேழு இரும்புத் தகட ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கி வில்லாட்டம் வளைச்சது, காலைலயே மாட்டியாச்சு. எடது பக்கம் மௌலி மாட்டுனான். வலது பக்கம் ஹெப்சி மாட்டுனா. ஹெப்சின்னா ஹெப்சிபா, சூலூர்ப் பொண்ணு, ஐ.டி.ஐ.ல மோட்டார் மெக்கானிக் முடிச்சவ, ஷெட்டுக்கு வந்து எட்டு மாசம். ஷெட்டு ரங்கண்ணனோடது, சிங்காநல்லூர்ல பழைய காருன்னா அவருதான், பேச்சு கம்மி, தூக்கம் ஜாஸ்தி. காலைல அவரு சொன்னது ஒண்ணே ஒண்ணு, அதுவும் சொல்லியிருக்க வேண்டியதே இல்ல, ஏன்னா அந்த ஷெட்டுல அது ஏபிசிடி: சக்கரம் தொங்கறப்ப கமான் கண்ணுல, அதான் நுனி வளையத்துல, போற போல்ட்ட முறுக்கக் கூடாது, கை டைட்டுல விடணும். வண்டி கீழ எறங்கி, தன் வெயிட்டுல ஒக்காந்து, நாலு தடவ அமுக்கிக் குலுக்குன பெறகுதான் ஸ்பேனரு போடணும். முன்னாடியே முறுக்குனா உள்ள இருக்கற ரப்பர் புஷ்ஷு தொங்குன நெலைலயே கவ்விப் புடிச்சுக்கும், எறக்குனா அந்தப் பக்கம் மட்டும் தூக்கிட்டு நிக்கும், கம்பத்தப் பாத்த நாயாட்டம். கொஞ்ச நாள்ல ரப்பரு கிழிஞ்சிரும். இது தெரியாதவன் மெக்கானிக்கே இல்ல. தெரிஞ்சவன்தான் மௌலி. தெரிஞ்சேதான் முறுக்குனான், முன்னாடி ஒண்ணு, பின்னாடி ரெண்டு, நட்டுக்கு ரெண்டு சுத்து, கெட்டியா. அவன் பக்கத்துல இல்ல. அவ பக்கத்துல.

முறுக்குன ஸ்பேனரு இன்னும் கைலதான் இருந்துச்சு, நெஞ்சு மேல வெச்சிருந்தான், மூச்சு விட விட ஏறி எறங்குது. ரெண்டு சுத்துதான, திருப்பி ரெண்டு சுத்து சுத்துனா முடிஞ்சுது, அவ சாப்புட்டு வர இன்னும் இருவது நிமிசமாவது ஆகும், வெளிய வேப்ப மரத்தடில டப்பா மூடி தொறக்கற சத்தம் இப்பத்தான கேட்டுது, ரங்கண்ணன் பழைய அம்பாசடர் சீட்டுல சாஞ்சு குறட்ட விடறாரு, ஒருத்தருக்கும் தெரியாது, சும்மா ஒரு வெளையாட்டு, முறுக்கிப் பாத்தேன், கழட்டிட்டேன், அவ்வளவுதான். கழட்டிரலாம். ஒரு நிமிசம் கழிச்சுக் கழட்டிரலாம். புது ரப்பரு வாசம், பள்ளிக்கூடத்துல புது அழிப்பான மோந்து பாப்போமே அந்த வாசம், அது கூடவே கிரீஸு, கூடவே அவ டப்பாலருந்து வர்ற மீன் கொழம்பு, வியாழக்கெழம மத்தியானம் மீன் கொழம்பு எவன் வீட்ல வெப்பான், அவ வீட்ல வெப்பாங்க, அவிய அம்மா காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு வெச்சு, எம்பொண்ணு காரு ரிப்பேர் பண்ணப் போறான்னு தெருவெல்லாம் சொல்லிக் கட்டிக் குடுப்பாங்க. அவன் வீட்ல, அவன் ஆட்டோமொபைல்ல ஏதோ ப்ராஜெக்ட் பண்றானாம். ப்ராஜெக்ட். பதினோரு அரியரோட மூணாவது வருசத்துல காலேஜுக்குக் கும்புடு போட்டவனுக்கு அவங்கம்மா வெச்ச பேரு அது, சொந்தக்காரங்க யாராச்சும் ஃபோன்ல கேட்டா குரல மெதுவா எறக்கி, ப்ராஜெக்டுங்க, அப்பறம் வெளிநாட்டுக்குப் போனாலும் போவான்ம்பாங்க. வெளிநாடு. இங்கிலாந்துலருந்து வந்த கமானுக்கு அடில படுத்திருக்கறதும் வெளிநாடுதான், ஒரு வகைல.

எப்ப ஆரம்பிச்சுது இதெல்லாம், இன்னிக்கா, இல்ல, இன்னிக்குக் காலைல அந்த எண்ணெயில ஆரம்பிச்சுது, இல்ல, அதுக்கும் முன்னாடி. அவதான் இவன்கிட்ட இந்த ஷெட்டப் பத்திக் கேட்டா, இல்ல, இவன்தான் சொன்னான், பஸ் ஸ்டாப்புல, ஒரே பஸ்ல தெனமும் வர்ற பழக்கம், அவ ஏதோ ஸ்கூட்டர் சர்வீஸ் ஸ்டேஷன்ல கழுவற வேலைல இருந்தா, இவன் சும்மா இருக்காம, எங்க ஷெட்டுல ஜாகுவாரு நிக்குது, ஆஸ்டின் நிக்குது, ஒரு போல்ட்டு தொட்டாலே ஜென்ம சாபல்யம்னு அளந்து விட்டான், அவ கண்ணு விரியறதப் பாக்கறதுக்கு. மூணு வாரத்துல வந்து நின்னுட்டா. ஆள் சேத்து விட்டதே இவன்தான், மொத நாளு ரங்கண்ணன்கிட்ட, நல்ல பொண்ணுங்கண்ணா, நான் பாத்துக்கறேன்னு பெரிய மனுசனாட்டம் வேற சொன்னான். பாத்துக்கறேன். இப்பப் பாத்துட்டுத்தான் இருக்கான். அவளுக்கு மணிக்கட்டுல ஏதோ இருக்குது, ஒரு நட்டத் தொட்டா அது எவ்வளவுல நிக்கணும்னு தெரியுது, இவனும்தான் அதே நட்டத் தொடறான், இவனுக்கு அது இரும்பாத்தான் இருக்குது. ரெண்டு மாசம் முந்தி ஒரு வண்டி ஓட ஓட எங்கயோ டிக்கு டிக்குன்னு சத்தம், ரங்கண்ணன் கண்ண மூடிட்டுக் கேக்கறாரு, மௌலி கியர்பாக்ஸுங்கறான், பேரிங்குங்கறான், வண்டிக்குள்ள பல்லி இருக்குங்கறான், எல்லாரும் சிரிக்கறாங்க, அவ மட்டும் சிரிச்சுட்டே போயி வீல் கப்பக் கழட்டுனா, உள்ளாற ஒரு கூழாங்கல்லு. அன்னிக்கு ரங்கண்ணன் ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பான். அந்தக் கல்ல எடுத்து அவரு சட்டப் பைல போட்டுட்டாரு, அதுதான். மௌலியோட நக்கலுக்கு ஆயிரம் பேரு சிரிச்சிருக்காங்க, ஒருத்தனும் எதையும் எடுத்துப் பைல போட்டதில்ல.

இன்னிக்குக் காலைல என்னாச்சுன்னா, பழைய யு போல்ட்டு, அச்சையும் கமானையும் சேத்துக் கட்டி வெச்சிருக்குமே அது, துருவேறி இருக்கும், நாலு நட்டும் உசுர வாங்கும்னு தயாராத்தான் வந்தான், நீளமான பைப்ப ஸ்பேனருக்கு மாட்டித் தொங்கலாம்னு, காலைலயே நாலு இட்லி சேத்துத் தின்னுட்டு வந்தான். வெச்சு ஒரு இழு இழுத்தான், வெண்ண மாதிரி வந்துச்சு. பலசாலி ஆயிட்டமோன்னு ஒரு நொடி ஒரு சந்தோசம். அப்பறந்தான் பாத்தான், நட்டச் சுத்தி பளபளன்னு எண்ண. முந்தின நாள் சாயங்காலமே அவ ஊத்திட்டுப் போயிருக்கா. அவ பக்கத்துக்கு ஊத்துனா சரி. இவன் பக்கத்துக்கும் சேத்து ஊத்திட்டுப் போயிருக்கா. கேட்டதுக்கு, ராத்திரி பூராம் ஊறுனா ஈசியா வரும்ல, உனக்கும் சேத்தேதான் ஊத்துனேன்னு சாதாரணமாச் சொல்றா. நன்றி சொல்லணுமா அதுக்கு? நன்றி சொன்னான், எண்ணெயெல்லாம் ஊத்தறயே, கெழங்கு வறுக்கவான்னு ஒரு ஜோக்கையும் சேத்துச் சொன்னான், அவளும் சிரிச்சா, அவ எல்லாத்துக்கும் சிரிப்பா, அது வேற. கெட்டவளா இருந்தா எவ்வளவு சௌகரியம். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, இவன் ஸ்பேனர ஒளிச்சு வெச்சிருந்தாளோ, ரங்கண்ணன்கிட்டப் போட்டுக் குடுத்தாளோன்னா, இப்ப இந்தக் கை இப்பிடி ஈரமா இருக்காது. கை ஈரமாத்தான் இருக்குது. வேர்வையா, கிரீஸா. திருப்பி ரெண்டு சுத்து. மணி என்ன ஆகியிருக்கும். தகரக் கூர வெயில்ல டப்பு டப்புன்னு வெடிக்குது, ஒவ்வொரு தடவையும் ரங்கண்ணன் எந்திரிச்சிட்டாரோன்னு தலையத் திருப்பிப் பாக்கறான்.

எல்லாம் அந்தச் சீட்டுனால. ஞாயித்துக்கெழம முப்பது பழைய வண்டி கோயமுத்தூருலருந்து ஊட்டிக்கு ஏறுது, டாக்டரம்மாதான் ஓட்டுவாங்க, கண்ணு டாக்டரு, லீலாவதி அம்மா, அறுவத்தி ரெண்டு வயசு, கியரப் போட்டாங்கன்னா வெண்டக்கா நறுக்கற மாதிரி போடுவாங்க. பக்கத்துல ஒரு மெக்கானிக்கு. ஒரே ஒரு மெக்கானிக்கு, ஏன்னா அவ்வளவுதான் எடம், டிக்கில போட முடியாது. ஒருத்தர அனுப்புங்க ரங்கராஜுன்னாங்க. ரங்கண்ணன் மோவாயச் சொறிஞ்சாரு, வண்டி எறங்கட்டும், ரெண்டு பக்கமும் பாத்துட்டுச் சொல்றேன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. மௌலி அன்னிக்குச் சாயங்காலமே காலேஜ் வாட்ஸப் க்ரூப்புல போட்டுட்டான், ஞாயித்துக்கெழம எம்.ஜி.ல ஊட்டிக்குப் போறேன், கண்ணாடி போட்டுட்டுப் போட்டோ வரும், கண்ணு கூசுனா கம்பெனி பொறுப்பில்லன்னு. கழுத்துல ஐ.டி. கார்டத் தொங்க விட்டுட்டு, சென்னைல ஏ.சி.க்குள்ள ஒக்காந்துட்டு, நாலு வருசம் பல்லக் கடிச்சு முடிச்ச பயலுக, அம்பத்தி மூணு பேரு, அதுல பதினெட்டு பேரு கட்ட வெரலத் தூக்கிக் காமிச்சிருந்தானுக, ஒருத்தன் செம மச்சின்னு போட்டிருந்தான், அந்தச் செம மச்சிய அவன் எத்தன தடவ எடுத்துப் பாத்தான்னு சொன்னா உங்களுக்கே பாவமா இருக்கும். அம்மாகிட்ட வேற சொல்லிட்டான். அம்மா மாடி வீட்டு அக்காகிட்ட. இனிமே அந்தச் சீட்டுல ஹெப்சி ஒக்காந்து போனா, மலப்பாதைல அவ முடி பறக்க, டாக்டரம்மா எதையோ சொல்ல அவ சிரிக்க, எவனாச்சும் போட்டோ எடுத்துப் போட, அம்பத்தி மூணு பேரும் பாப்பானுக, டேய் உன் சீட்டுல யாருடா அதும்பானுக. நேத்து அவ துடைக்கற சாக்குல அந்தச் சீட்டுல ஒரு நிமிசம் ஒக்காந்து பாத்தா, இவன் பாத்துட்டான், அவ கண்ண மூடிட்டு, கைய மடில வெச்சுட்டு, ஒண்ணும் பண்ணாம ஒக்காந்திருந்தா. ஒக்காந்த விதத்துலயே தெரிஞ்சுது, அது அவ சீட்டுதான்னு. அதத்தான் பொறுக்க முடியல. சீட்டு போறதக் கூடப் பொறுத்துக்கலாம், அது சரியான ஆளுக்குத்தான் போகுதுன்னு தெரியறத எப்பிடிப் பொறுக்கறது.

கழட்டு. போதும், கழட்டு. ஸ்பேனர மொத நட்டுல வெச்சான், வெச்சே விட்டான், மணிக்கட்டு திரும்பப் போகுது, அப்ப அவ கால் தெரிஞ்சுது, ரப்பர் செருப்பு, கணுக்கால் மேல கிரீஸு, அப்பறம் அவ தலையே தலகீழாக் கீழ வந்துச்சு, ஜட தரையத் தொட.

"என்ர பக்கத்துல என்னடா பண்ற?"

"அங்க வெயிலு. இங்க ஏ.சி. போட்டிருக்குது."

சிரிச்சா. ஒரு வாழ எலத் துண்டுல மீன் துண்டு ஒண்ண உள்ள தள்ளி விட்டா, அம்மா உனக்குன்னு சொல்லிக் குடுத்து விட்டாங்க, முள்ளு பாத்துத் தின்னு, படுத்துட்டே தின்னு தொண்டைல மாட்டிக்காதன்னுட்டு எந்திரிச்சா, கொழாய்ல டப்பாக் கழுவப் போயிட்டா. மௌலி அந்த மீனப் பாத்தான். மீனு மேல பாத்துச்சு. இப்பவும் நேரம் இருக்குது, கொழாத் தண்ணி சத்தம் நிக்கற வரைக்கும் நேரம் இருக்குது, ஆனா உள்ள ஏதோ ஒண்ணு கெட்டியாயிருச்சு, இதுவுமா, இதையும் இவதான் குடுக்கணுமா, எண்ணையும் இவ, மீனும் இவ, இவன் கெட்டவனா இருக்கறதுக்குக்கூட ஒரு எடம் விட மாட்டேங்கறாளே. ஒரு மயித்துக்கும் ஆகப் போறதில்ல, யாரும் சாகப் போறதில்ல, ரப்பரு ஒண்ணும் இன்னிக்கே கிழியாது, வண்டி கொஞ்சம் தூக்கிட்டு நிக்கும், ரங்கண்ணன் ஒரு பார்வ பாப்பாரு, கழட்டி மறுபடி முறுக்குனா அஞ்சு நிமிச வேல, அந்த ஒரு பார்வ போதும், சீட்டு இந்தப் பக்கம் சாஞ்சிரும். தண்ணி சத்தம் நின்னுச்சு. குறட்டையும் நின்னுச்சு. வெளிய டாக்டரம்மா வந்த ஆட்டோ வந்து நிக்குது. மௌலி மீன வாயில போட்டுட்டு வெளிய உருண்டு வந்தான். மீனு நல்லாத்தான் இருந்துச்சு. அதுவும் கடுப்புதான்.

சக்கரத்த மாட்டி வண்டிய எறக்குனாங்க. ரங்கண்ணன் பின்பக்கத்துல ஒக்காந்து நாலு தடவ அமுக்குனாரு. எடது பக்கம் ஊஞ்சலாட்டம் போயி வந்துச்சு. வலது பக்கம் வெறப்பா நின்னுச்சு. டேப்ப எடுத்து அளந்தாரு, ரெண்டு வெரக்கட வித்தியாசம். கீழ குனிஞ்சு ஸ்பேனர வலது பக்க நட்டுல வெச்சாரு, அது அசையல. எந்திரிச்சு ஹெப்சியப் பாத்தாரு, அந்தப் பார்வைதான், மௌலி அரமணி நேரமா எதிர்பாத்துட்டு இருந்த அதே பார்வ. தொங்கறப்பவே முறுக்கிட்டியாம்மான்னு மெதுவாக் கேட்டாரு. டாக்டரம்மா கைப்பைய இடுக்கிட்டுப் பாத்துட்டே நிக்கறாங்க. ஹெப்சி மூஞ்சி மாறுச்சு, கை டைட்டுலதாங்கண்ணா விட்டேன்னு ஆரம்பிச்சா, பாதில நிறுத்திட்டா, தன் வலது கையத் திருப்பித் திருப்பிப் பாத்தா, அந்தக் கை என்ன பண்ணுச்சுன்னு அதுகிட்டயே கேக்கற மாதிரி. அப்பறம் மௌலி பக்கம் திரும்புனா.

"நீ பாத்தியா? நான் முறுக்குனனா?"

இதுக்கு அவன் தயாரா இல்ல. திட்டு வாங்குவா, மூஞ்சிய உம்முன்னு வெச்சுக்குவான்னுதான் நெனச்சிருந்தான், தன் கை மேலயே அவளுக்குச் சந்தேகம் வரும்னு நெனைக்கல. பாக்கலன்னு சொல்லியிருக்கலாம். ஒரு நக்கலு விட்டுத் தப்பிச்சிருக்கலாம், நக்கலுக்கா அவனுக்குப் பஞ்சம். "முறுக்குன மாதிரிதான் தெரிஞ்சுது"ன்னு வாய்ல வந்துருச்சு.

அவ தலைய ஆட்டுனா. "அப்ப நாந்தான் ஏதோ நெனப்புல முறுக்கிட்டேங்கண்ணா. தப்பு என்ர மேலதான்"னு சொல்லிட்டு, அழுகாம, சாக்கு சொல்லாம, அட்டைய இழுத்துப் போட்டு வண்டிக்கு அடில படுத்துட்டா. மூணு நட்டும் கழண்டுச்சு. வண்டியக் குலுக்குனாங்க, வலது பக்கம் பெருமூச்சு விட்ட மாதிரி எறங்குச்சு. ரங்கண்ணன் ரப்பர டார்ச்சு அடிச்சுப் பாத்தாரு, கிழியல. அவ மறுபடி முறுக்குனா, இந்தத் தடவ ஒவ்வொரு நட்டையும் ரெண்டு தடவ தொட்டுப் பாத்தா, எட்டு மாசத்துல அவ ஒரு நட்ட ரெண்டாந்தடவ தொட்டு மௌலி பாத்ததில்ல. எடமும் வலமும் சமமா நிக்குது. மௌலி நெஞ்சு மட்டும் எறங்கல. சீட்டு நமக்கு, சீட்டு நமக்குன்னு உள்ள ஒரு மோளம், அது கூடவே அவ அந்த ரெண்டாந்தடவ தொடறது, தொடாத, தொடாதடி, உன்ர கை சரியாத்தான் இருக்குது.

ரங்கண்ணன் வாயத் தொறக்கறதுக்குள்ள டாக்டரம்மா முந்திக்கிட்டாங்க. முப்பத்தஞ்சு வருசம் ஆப்பரேசன் தியேட்டர்ல நின்னவங்க, அங்க எத்தனையோ பேரு எத்தனையோ தப்பு பண்ணியிருக்காங்களாம், கத்தி மேல பழி போடுவாங்களாம், லைட்டு மேல போடுவாங்களாம், நர்ஸு மேல போடுவாங்களாம், நாந்தான்னு கை தூக்குனவங்கள ஒரு கைல எண்ணிரலாமாம். "மலைல ஏறறப்ப எம்பக்கத்துல அப்பிடி ஒரு ஆளுதான் வேணும் ரங்கராஜு. நீயே வந்துரும்மா"ன்னு சொல்லிட்டு அவ தோளத் தட்டுனாங்க. ரங்கண்ணனும் சிரிச்சாரு, தப்ப ஒத்துக்கறதுக்கும் ஒரு கை வேணும்னாரு, எட்டு மாசத்துல மொத தடவயா நாலு வார்த்த சேத்துப் பேசி அவளப் புகழ்ந்தாரு.

மௌலிக்கு அந்தத் தப்புங்கற வார்த்த மட்டுந்தான் கேட்டுச்சு. எந்தத் தப்ப? யாரோட தப்ப? அரமணி நேரம் அட்டைல முதுகு வேக, அவன் ஒருத்தனாப் பாடுபட்டுப் பண்ணுன தப்பு அது, அவ அதுல ஒரு சுத்துகூடச் சுத்தல, பண்ணாத தப்ப ஒத்துக்கிட்டு நல்லவன்னு பேரு வாங்கிட்டா, சீட்டும் வாங்கிட்டா. எண்ண அவ, மீனு அவ, கை அவ, இப்ப தப்பும் அவளா. அவனுக்குன்னு இந்த ஷெட்டுல சொந்தமா இருந்தது அது ஒண்ணுதான்.

"அவ முறுக்கலீங்க"ன்னான். குரலு அவனுக்கே யாரோடதோ மாதிரி கேட்டுச்சு. "நாந்தான் முறுக்குனேன். அவ சாப்புடப் போனப்ப. மூணும்."

ஹெப்சி திரும்பிப் பாத்தா. கோவம் வரல அவளுக்கு, அது பின்னாடிதான் வந்துச்சு, அப்ப அவ தன் கையத்தான் மொதல்ல பாத்தா. டாக்டரம்மா கைப்பைய இந்த இடுக்குலருந்து அந்த இடுக்குக்கு மாத்துனாங்க. ரங்கண்ணன், அவ கேட்டப்பச் சொல்லாம இப்ப ஏண்டா சொல்றன்னு கேட்டாரு. மனசு கேக்கலன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க, கண்ணுல ரெண்டு சொட்டு விட்டிருந்தா டாக்டரம்மா ஞாயித்துக்கெழமைக்கு இன்னொரு சீட்டே போட்டிருந்தாலும் போட்டிருப்பாங்க. எந்த நக்கலும் வரல அவனுக்கு, வாயில இருந்தது ஒண்ணே ஒண்ணுதான்.

"அந்த நல்ல பேரும் அவளுக்கே போகுதேன்னு பொறுக்கலீங்கண்ணா."